பிச்சாவரம்: துடுப்புப் படகில் ஒரு காலை

சனிக்கிழமை காலையில் சென்னையிலிருந்து கிளம்பி ஞாயிறு இரவுக்குள் வீடு திரும்பிவிடக்கூடிய கடலோர ஊர்களில், நானும் என் மனைவியும் இரண்டாம் முறையாகத் தேடிச் சென்றது பிச்சாவரத்துக்கு மட்டும்தான். முதல் முறை, வெயில் ஏறிவிட்டது என்ற அவசரத்தில் மோட்டார் படகில் ஏறி, அகன்ற நீர்ப்பரப்பை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, இவ்வளவுதானா என்ற எண்ணத்தோடு கரையேறினோம். இந்த ஜனவரியில் துடுப்புப் படகில் போன பிறகுதான், அன்று நாங்கள் காட்டின் வேலியை மட்டுமே பார்த்திருந்தோம் என்பது புரிந்தது.

வெள்ளாறும் கொள்ளிடமும் கடலில் கலக்கும் இடங்களுக்கு நடுவே, சிதம்பரத்திலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில் இந்த அலையாத்திக் காடு இருக்கிறது. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2022ஆம் ஆண்டு சேர்க்கப்பட்ட இடம். தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகு குழாமில் சீட்டு வாங்கி, உயிர்காப்பு உடுப்பை மாட்டிக்கொண்டு புறப்பட வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் சேர்ந்துவிடும் என்பதால் காலையில் முதல் ஆட்களாகப் போய் நிற்பது நல்லது.

மோட்டார் படகு நுழைய முடியாத குறுகிய கால்வாய்களுக்குள் துடுப்புப் படகு போகும் என்பதே இரண்டுக்கும் உள்ள வேறுபாடு. இருபுறமும் சுரபுன்னையின் தாங்கு வேர்கள் வளைந்து நீரில் இறங்க, கிளைகள் தலைக்கு மேலே கூடிக்கொள்ள, துடுப்பின் ஓசையைத் தவிர வேறு ஒலியே இல்லாத அந்த நிழலில் நாங்கள் இருவரும் நெடுநேரம் பேசாமலே இருந்தோம். எங்களுக்கு அது அரிது. மரத்திலிருக்கும்போதே முளைவிட்டு, நீளமான முருங்கைப் பிஞ்சுபோலத் தொங்கும் சுரபுன்னை வித்துகளைப் படகோட்டி காட்டினார். வெண்கண்டல் இலையின் மேல் படிந்திருந்த உப்பை என் மனைவி நாவில் வைத்துப் பார்த்தார். சேற்றிலிருந்து ஆணிகளைப்போல நிமிர்ந்து நிற்கும் அதன் மூச்சு வேர்களை எண்ணத் தொடங்கிக் கைவிட்டேன். ஒரு திருப்பத்தில், “கையை உள்ளே வெச்சுக்குங்கம்மா, அது தில்லை” என்றார் படகோட்டி. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் தந்த அதே மரம்தான். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு.

சில கால்வாய்கள் கோடு கிழித்ததுபோல நேராக இருப்பதற்கும் காரணம் உண்டு. முன்பு மரங்களை ஒட்டுமொத்தமாக வெட்டியதால் நிலம் பள்ளமாகி, தேங்கிய நீர் காய்ந்து உப்பேறி, எதுவும் முளைக்காத திட்டுகள் உருவாகியிருந்தன. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் உள்ளூர் மக்களும் சேர்ந்து, மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, ஓதநீர் (கடல் ஏற்றத்தில் ஏறி இறங்கும் நீர்) உள்ளே வந்து போக வழிசெய்து கன்றுகளை நட்டனர். 2004 ஆழிப்பேரலையின்போது இந்தக் காட்டுக்குப் பின்னாலிருந்த ஊர்களில் சேதம் குறைவாக இருந்தது என்பதை அறிந்தே வந்திருந்தாலும், அந்த வேர்களின் நெருக்கத்தை அருகில் பார்க்கும்போது அதன் பொருள் வேறாகிறது.

திரும்பும் வழியில், இடுப்பளவு நீரில் அமர்ந்து, பிடித்ததைப் போட்டுவைக்கும் பனையோலைப் பறியைப் பல்லில் கவ்வியபடி, வெறுங்கையால் சேற்றைத் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்த இருளர் பெண்களைக் கண்டோம். படகோட்டி துடுப்பை நிறுத்தி, நீர் கலங்காமல் ஒதுங்கிச் சென்றது எங்களுக்குப் பிடித்திருந்தது.

குறை சொல்வதென்றால் தங்குமிடத்தைத்தான் சொல்ல வேண்டும். சிதம்பரத்தில் நாங்கள் எடுத்த விடுதியில் வெந்நீர் வரவில்லை. கொசுவலை கேட்டதற்குச் சுருள் ஒன்றைக் கொடுத்து அனுப்பினார்கள். காலையில் கொத்சுவோடு இட்லி கிடைத்ததால் அந்தக் கோபம் பாதியாகக் குறைந்தது.

திறந்த நீர்ப்பரப்பில் துடுப்புப் படகுக்கு நிழல் கிடையாது என்பதால் தொப்பியும் குடிநீரும் கட்டாயம் தேவை. நேரம் குறைவு என்பவர்கள் மோட்டார் படகில் ஏறுவதைவிடப் பயணத்தை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைக்கலாம்.