சிறகை இழந்தவன்: ஹாகியோ மோதோவின் ‘தோமாவின் இதயம்’

தோமா வெர்னருக்குப் பதின்மூன்று வயது. பனி உருகத் தொடங்கிய ஒரு காலையில் அவன் ரயில் பாதைக்கு மேலே போகும் நடைபாலத்திலிருந்து விழுந்து இறந்துபோகிறான். அவன் படித்த ஜெர்மனி விடுதிப் பள்ளியில் எல்லோரும் அதை விபத்து என்றே பேசிக்கொள்கிறார்கள். அவன் எழுதி அனுப்பியிருந்த கடிதம் ஒன்று, அதே விடுதியில் ஒழுங்குக்குப் பேர்போன மூத்த மாணவனான யூலிக்கு வந்து சேர்கிறது. சில வரிகளே கொண்ட அதைப் படித்ததும், நடந்தது விபத்தல்ல என்பதும் அந்தச் சாவு தன்னை நோக்கியது என்பதும் யூலிக்குப் புரிந்துவிடுகின்றன. ஜப்பானின் ஹாகியோ மோதோ வரைந்து எழுதிய ‘தோமாவின் இதயம்’ இங்கேதான் தொடங்குகிறது. ஐந்நூறு பக்கங்களுக்கு மேல் நீளும் இந்தச் சித்திரக்கதை, அந்தச் சிறுவன் ஏன் அப்படிச் செய்தான் என்ற கேள்வியை விட்டு ஓரடி கூட விலகுவதில்லை.

விடுதிப் பள்ளியில் பையன்களுக்குள் மலரும் காதலைச் சொல்லும் ஜப்பானிய நாவல் தொடர்களும் மங்கா எனப்படும் சித்திரக்கதைகளும் இன்று ‘பாய்ஸ் லவ்’ என்ற பெயரில் ஒரு தனிச் சந்தையாகவே வளர்ந்திருக்கின்றன. அவற்றில் சிலவற்றைப் படித்துச் சலித்த பிறகு, இந்த மரபின் ஊற்றுகளில் ஒன்றையாவது பார்த்துவிடலாம் என்றுதான் இதை வாங்கினேன். இது 1974 மே முதல் டிசம்பர் வரை, சிறுமியருக்கான வார இதழ் ஒன்றில் 33 இயல்களாக வெளிவந்தது. ஹாகியோவுக்கு அப்போது இருபத்தைந்து வயது. தொடக்க வாரங்களில் வாசகர் வாக்கெடுப்பில் இது கடைசி இடத்தைப் பிடித்ததால், தொடரை நிறுத்திவிடலாம் என்று ஆசிரியர் குழு நினைத்தது. அதே வேளையில் அவருடைய இன்னொரு படைப்பான ‘போ குடும்பத்தார்’ நூலாக வந்து, முதல் அச்சின் 30,000 பிரதிகளும் மூன்றே நாளில் விற்றுத் தீர்ந்திராவிட்டால், இந்தக் கதை பாதியிலேயே நின்றுபோயிருக்கும்.

பெயரைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. ஜெர்மானியப் பெயரான தாமஸை ஜப்பானிய மூலம் ‘தோமா’ என்றே எழுதுகிறது. பரிசுத்த தோமா என்று சொல்லிப் பழகிய தமிழ் வாசகருக்கு அது அந்நியமாக ஒலிக்காது. நான் அந்த வடிவத்தையே வைத்துக்கொண்டேன். யூலியின் முழுப் பெயரான யூலிஸ்மோல் பைஹான் மட்டும் எந்த ஜெர்மானியத் தகப்பனும் பிள்ளைக்கு வைக்கக்கூடியதாகத் தெரியவில்லை. ஹாகியோ 1972இல் தோழிகளுடன் ஐரோப்பாவைச் சுற்றிப் பார்த்தவர்தான் என்றாலும், இந்த நூலின் ஜெர்மனி பெரும்பாலும் புத்தகங்களிலிருந்து கட்டியெழுப்பிய ஜெர்மனி. நாம் ‘சித்தார்த்தன்’ வழியாக அறிந்த ஹெர்மன் ஹெஸ்ஸேயின் பள்ளிக்கூட நாவல்களும், 1964இல் வெளிவந்த ஒரு பிரெஞ்சுத் திரைப்படமும் அதற்கு அடித்தளம். அந்தப் படத்திலும் ஒரு மாணவன் இறந்துபோகிறான். அவனுக்கு அப்படியொரு முடிவு நேர்ந்ததைத் தாங்க முடியாமல்தான் ஹாகியோ இந்தக் கதையை வரையத் தொடங்கினார்.

கதையின் முடிச்சு எளிமையானது. கடிதத்தோடு தோமாவின் நினைவையும் ஒழித்துவிடலாம் என்று யூலி கல்லறைக்குப் போய் அதைக் கிழித்தெறிகிறான். திரும்பினால் எதிரே தோமாவின் முகத்தை அப்படியே உரித்து வைத்ததுபோல் ஒரு பையன் நிற்கிறான். பள்ளியில் புதிதாகச் சேர வந்திருக்கும் எரிக் அவன். முகம்தான் தோமாவுடையது, குணம் நேரெதிர். முன்கோபி, அம்மா பிள்ளை, வாயில் வந்ததைப் பேசிவிடுபவன். போகிற இடமெல்லாம் மற்ற மாணவர்கள் அவனைத் தோமாவாகவே பார்ப்பதும், யாரென்றே தெரியாத ஒரு இறந்த பையனோடு அவன் ஓயாமல் மல்லுக்கு நிற்க வேண்டியிருப்பதும், இந்தக் கனமான கதைக்குள் சிரிப்பையும் கொண்டுவருகின்றன. எரிக் இல்லையென்றால் நூறு பக்கங்களுக்குள் மூச்சு முட்டியிருக்கும்.

இதைக் காதல் கதை என்று மட்டும் சொல்லி விற்பது எனக்கு உடன்பாடில்லை. யூலி யாரையும் நேசிக்க மறுப்பதற்குக் காரணம் வெறுப்பு அல்ல. நேசிக்கப்படும் தகுதியைத் தான் இழந்துவிட்டதாக அவன் நம்புகிறான். சில மூத்த மாணவர்களின் கையில் அவன் பட்ட கொடுமையும், அதன் தழும்பை உடலில் சுமந்தபடி கழுத்துப் பொத்தானைக்கூடத் தளர்த்தாமல் நடமாடுவதும் மெல்ல மெல்லத்தான் தெரியவருகின்றன. அவனுடைய தகப்பனார் கிரேக்க வழிவந்தவர். அவரிடமிருந்து வந்த கருமுடியை வெறுக்கும் பாட்டியின் முன்னால் குறை சொல்ல முடியாத பிள்ளையாக இருந்தே தீர வேண்டும் என்ற வைராக்கியம் சின்ன வயதிலேயே அவனுக்குள் ஊறிப்போயிருக்கிறது. அப்படி வளர்ந்தவன் ஒருமுறை விழுந்துவிட்டால், விழுத்தியவர்களை விடத் தன்னையே அதிகம் வெறுப்பான் என்பதை இந்த நூல் எவ்வளவு நுட்பமாகப் புரிந்துவைத்திருக்கிறது! எல்லோருக்கும் இருக்கும் சிறகு தனக்கு மட்டும் இல்லை என்பது யூலியின் எண்ணம். தன் சிறகை அவனுக்குத் தர முனைந்தவன் தோமா. கிறிஸ்தவ மன்னிப்பைப் பற்றிய கதையைக் கிறிஸ்தவம் வேரோடாத நாட்டில், சிறுமியருக்கான வார இதழில் எழுதத் துணிந்தார்கள் என்பதே எனக்கு இன்னும் வியப்பாக இருக்கிறது.

ஓவியத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. சதுரம் சதுரமாகக் கட்டம் போட்டுக் கதை சொல்வது ஹாகியோவுக்கு ஒத்துவருவதில்லை. உணர்ச்சி பெருகும் இடத்தில் கட்டங்களின் கோடுகள் கரைந்து, பக்கம் முழுவதும் ஒரே முகமும் மலர்களும் பரந்துவிடுகின்றன. வாய்விட்டுச் சொல்லப்படாத எண்ணங்கள் பேச்சுக் குமிழுக்கு வெளியே, கவிதை வரிகளைப் போல வெள்ளையில் மிதக்கின்றன. யார் பேசுவது, யார் நினைப்பது என்று ஒரு கணம் தடுமாறும்படி ஆகிறது. அந்தத் தடுமாற்றம்தான் யூலியின் மனநிலையும். முதல் வாசிப்பில் கதைக்காகப் பக்கங்களை ஓட்டிவிட்டேன். இரண்டாம் வாசிப்பில்தான் கண் நின்று பார்த்தது.

குறைகளும் உண்டு. மெலிந்த உடலும் பெரிய கண்ணுமாக வரும் பையன்களின் கூட்டத்தில் யார் யார் என்று பிடிபடுவதற்குள் ஏறத்தாழ எண்பது பக்கங்கள் கழிந்துவிடும். நானே ஒரு தாளில் பெயர்களை எழுதி வைத்துக்கொண்டுதான் படித்தேன். யூலிக்கு நேர்ந்ததை இறுதிக்கு அருகில்தான் திறக்கிறார்கள். திறந்த பின்னும் அவசரமாகக் கடந்துவிடுகிறார்கள். அதுவரை கட்டிய எதிர்பார்ப்புக்கு அந்தப் பகுதி ஈடுகொடுக்கவில்லை. எல்லாவற்றையும் விட என்னை உறுத்துவது, ஒரு சிறுவனின் சாவைப் பரிசுப் பொருளைப் போல அழகுபடுத்தியிருப்பது. கதையின் தர்க்கத்துக்குள் அது பொருந்தலாம். ஆனால் தோமாவின் பெற்றோரை நினைக்கிற எந்த வாசகராலும் அந்த அழகை முழு மனதோடு ஏற்க முடியாது. அதே மனநிலையில் தவிக்கும் ஒரு பிள்ளையின் கையில் இந்த நூலைக் கொடுக்க நான் தயங்குவேன். கொடுத்தால் கூடவே உட்கார்ந்து படிப்பேன்.

என்னிடம் இருப்பது ஃபாண்டாகிராஃபிக்ஸ் நிறுவனம் ஒரே தொகுதியாகக் கொண்டுவந்த ஆங்கிலப் பதிப்பு. மொழிபெயர்த்தவர் ரேச்சல் தார்ன். பையன்களின் பேச்சு பையன்களின் பேச்சாகவே இருக்கிறது. யூலியின் எண்ண ஓட்டங்களில் மட்டும் நடை சற்றே உயர்கிறது. கெட்டி அட்டை, ஜப்பானிய முறைப்படி வலமிருந்து இடமாகப் புரட்ட வேண்டிய பக்கங்கள். கனம் அதிகம் என்பதால், படுத்துக்கொண்டு படிக்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு மணிக்கட்டு வலிக்கும்.

இத்தனையும் எழுதிவிட்டு ஆஸ்கரைச் சொல்லாமல் விட்டால் நன்றாயிராது. யூலியின் அறைத்தோழன், மற்றவர்களை விட ஒரு வயது மூத்தவன், யூலிக்கு என்ன நடந்தது என்பதை அறிந்தவன். அறிந்தும், அவனே வாய் திறக்கட்டும் என்று ஒரு சொல் கேட்காமல் காத்திருக்கிறான். தன் பிறப்பைப் பற்றிய ஒரு பெரிய உண்மையையும் அவன் அதே மௌனத்தில்தான் சுமக்கிறான். அவன் இந்தப் பள்ளிக்கு வந்து சேர்ந்த கதையை ஹாகியோ 1980இல் ‘விருந்தாளி’ என்ற தனிக் கதையாக வரைந்தார். அது இந்தத் தொகுதியில் சேர்க்கப்படவில்லை. சேர்த்திருந்தால் இன்னும் நூறு பக்கக் கனத்தையும் நான் முணுமுணுக்காமல் தாங்கியிருப்பேன்.