மூன்று மாத வட்டிப் பணம்: அறுபதுக்கு மேல் நமக்கென்று எதில் செலவழிக்கலாம்?

ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி. இந்த நான்கு மாதங்களும் பிறந்ததும் தபால் அலுவலகத்தில் என் கணக்கில் 30,750 ரூபாய் ஏறும். ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் 15 லட்சத்தை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டேன். 8.2 சதவீத வட்டி. வீட்டுச் செலவுக்கும் மருந்துக்கும் எங்கள் இருவரின் பென்ஷன் போதும் என்பதால், இந்த வட்டியை எங்கள் ஆசைக்கென்று ஒதுக்கினோம். ஒதுக்கினோமே தவிர, ஒரு வருடம் அதிலிருந்து ஒரு ரூபாய்கூட எடுக்கவில்லை. நான்கு தவணை சேர்ந்து 1,23,000 ஆகிவிட்டது. ஸ்கூல் ஃபீஸ், கல்யாணம், வீட்டுக் கடன் என்றே எண்ணிக் கொடுத்துப் பழகிய கை, தனக்கென்று எடுக்கத் தெரியாமல் நின்றது.

அப்புறம் ஒரு நாள் மத்தியானம் பழைய ரஃப் நோட்டு ஒன்றை எடுத்து, இருவருக்கும் இருக்கும் ஆசைகளை எழுத ஆரம்பித்தோம். ஒவ்வொன்றுக்கும் எதிரே அதற்குப் போட்டியாக வரக்கூடிய இன்னொன்று, பக்கத்தில் விலை. வீட்டுக்காரர் வருவாய்த்துறையில் இருந்தவர், கட்டம் போடாமல் எதையும் எழுத மாட்டார். அவர் மூன்றாவதாக ஒரு கட்டம் போட்டார்: எந்த வயது வரை உடம்பு இதை அனுபவிக்க விடும்? விலையை மட்டும் பார்த்து நான் போட்டிருந்த வரிசை முழுவதையும் அந்தக் கட்டம் புரட்டிப் போட்டுவிட்டது.

மண்டபமா, மலை ரயிலா?

எங்கள் ஊர் மாயவரம். திருக்கடையூர் பக்கம். அறுபதுக்கு சஷ்டியப்தபூர்த்தி, எழுபதுக்கு பீமரத சாந்தி, எண்பதுக்கு சதாபிஷேகம் என்று எங்கெங்கிருந்தோ தம்பதிகள் அமிர்தகடேசுவரர் சன்னதிக்கு வருகிறார்கள். வீட்டுக்காரருக்கு அறுபது வந்த வருடம் பெண் கல்யாணக் கடன் இருந்ததால் ஒன்றும் செய்யவில்லை. எழுபதையாவது பெரிதாகச் செய்துவிட வேண்டும் என்று பிள்ளைகள் பிடிவாதமாக இருந்தார்கள். மண்டபம், இருநூறு பேருக்குச் சாப்பாடு, புடவை வேட்டி, தாம்பூலப் பை எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டால் மூன்றரை லட்சத்துக்குக் கிட்டே வந்தது.

மண்டபத்துக்கு ஆதரவாகச் சொல்ல நிறைய இருக்கிறது. இந்த வயதில் சொந்தக்காரர்களை ஒன்றாகப் பார்க்கும் இடம் பெரும்பாலும் துக்க வீடுதான். சந்தோஷமாக எல்லோரும் ஒரு பந்தியில் உட்கார்வதற்கு ஒரு விலை கொடுக்கலாம். ஆனால் நான் போன மணிவிழாக்களில் எல்லாம் அந்தத் தம்பதியைத்தான் கவனித்திருக்கிறேன். கலச நீர் விட்ட ஈரப் புடவையோடும் ஹோமப் புகையோடும் காலை முழுக்க உட்கார்ந்துவிட்டு, வந்தவர்களை எல்லாம் நின்று வரவேற்று, போட்டோ எடுத்து முடிப்பதற்குள் மணி மூன்றாகிவிடும். அன்றைக்கு ஊரே சாப்பிட்டிருக்கும், அவர்கள் இருவர்தான் சாப்பிட்டிருக்க மாட்டார்கள்.

ஆகவே பிள்ளைகள் குடும்பத்தோடு பன்னிரண்டு பேர் மட்டும் போனோம். கோயிலில் அபிஷேகம், அபிராமி சன்னதியில் மாலை மாற்றிக்கொண்டது, பக்கத்திலேயே சாப்பாடு. மிச்சப்பட்ட பணத்தில் சின்னதாக ஒரு துண்டை எடுத்து, நாற்பது வருடமாகப் பேசிக்கொண்டே இருந்த ஊட்டி ரயிலுக்கு டிக்கெட் போட்டோம்.

மதியம் மாயவரத்தில் ஜன சதாப்தி ஏறினால் இரவு கோயம்புத்தூர். மேட்டுப்பாளையத்தில் தங்கிவிட்டால் காலை ஏழு மணி சுமாருக்குக் கிளம்பும் மலை ரயிலுக்குப் பதற்றம் இல்லாமல் போகலாம். 46 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம். குன்னூர் வரை 1899லும் ஊட்டி வரை 1908லும் போட்ட பாதை, 2005ல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. வகுப்பில் எத்தனையோ தடவை இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், ஏறியதில்லை. கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்துக்கு நடுவே இருக்கும் பல் சட்டத்தில் சக்கரம் மாட்டுகிற சத்தம் கேட்கும். எஞ்சின் பின்னால் இருந்து தள்ளுவதால் எங்கள் முதல் வகுப்புப் பெட்டிக்கு முன்னே மறைப்பு எதுவும் இல்லை; காடு நேராகக் கண்ணுக்குள் வந்தது. ஹில்குரோவில் எஞ்சின் தண்ணீர் குடிக்க நின்றபோது அவர் இறங்கி டீ வாங்கிவந்தார். இரண்டு கையிலும் கப்பைப் பிடித்துக்கொண்டு பெட்டியில் ஏற முடியாமல் நின்றவரிடமிருந்து ஒன்றை நான் ஜன்னல் வழியாக வாங்கிக்கொண்டேன். சீனி அதிகம். குடித்தோம்.

முதல் வகுப்புக்கு இரண்டாம் வகுப்பைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு கட்டணம். ஐந்து மணி நேரம் உட்கார வேண்டிய முதுகுக்கு அந்த வித்தியாசத்தைக் கொடுத்தே ஆக வேண்டும். பெட்டிப் படியில் ஏறி இறங்கும்போது அவர் முழங்காலைப் பார்த்தேன். இன்னும் நான்கு வருடம் தள்ளிப் போட்டிருந்தால் இந்தப் பயணம் நோட்டிலேயே இருந்திருக்கும்.

ராத்திரி டிபன்: வாங்குவதா, ஆள் வைப்பதா?

எங்கள் நோட்டில் இருக்கும் சின்ன ஆசைகளில் இதுதான் பெரியது. அவர் ரிட்டையர் ஆகிப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. எனக்குப் பள்ளிக்கூடம் முடிந்ததே தவிர அடுப்படி முடியவில்லை. காலையில் சமைப்பது எனக்குப் பிடிக்கும், அதில் குறையில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு மறுபடி அடுப்படி விளக்கைப் போடும்போதுதான் உடம்பு மறுக்கும்.

முதலில் வெளியில் வாங்கிப் பார்த்தோம். இரண்டு பேருக்கு நான்கு இட்லி, இரண்டு தோசை என்றால் 140 ரூபாய், மாதம் 4,200. நல்லது என்னவென்றால், வேண்டாத அன்றைக்கு வாங்காமல் இருக்கலாம். யாரிடமும் இன்றைக்கு வராதே என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் சட்னியில் உப்பு தூக்கல். பிரஷர் மாத்திரை போடுகிறவருக்கு அது தினமும் ஆகாது. இன்னொன்று, பார்சலைப் பிரித்துச் சாப்பிடும்போது ரயிலுக்குக் காத்திருக்கிற மாதிரியே இருந்தது எனக்கு.

சமையலுக்கு ஒரு அம்மா கிடைத்தார். சாயங்காலம் ஐந்தரைக்கு வந்து ஏழரைக்குப் போவார், மாதம் 4,500. ஏறக்குறைய ஒரே செலவுதான். முதல் நாள் ஹாலில் உட்கார்ந்திருக்கிறேன், உள்ளே கடுகு வெடிக்கிற சத்தம். உடனே எழுந்துவிட்டேன். பெருங்காய டப்பா எங்கே என்று சொல்ல ஒரு தடவை, கேஸைக் குறைக்கச் சொல்ல ஒரு தடவை, காரணமே இல்லாமல் ஒரு தடவை. மூன்றாவது தடவை அவர் கரண்டியோடு திரும்பி, "நீங்க போய் உக்காருங்க டீச்சர், நான் பாத்துக்கிறேன்" என்றார். எனக்குத் தெரிந்து என் வீட்டு அடுப்படியிலிருந்து போய் உட்காரு என்று என்னை அனுப்பிய முதல் ஆள் அவர்தான். அன்றைக்குச் சின்ன வெங்காயச் சட்னி. தட்டில் வைத்து, சுடச்சுட, நான் கேட்காமலே இன்னொரு தோசை வந்து விழுந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெங்காயம் என்று சொல்லிவிட்டேன்.

குறைகளும் உண்டு. வீட்டுக்குள் இன்னொருவர் வருவதால் சாயங்காலம் சாத்திப் படுக்க முடியாது. அவர் வராத நாளில் பழைய நிலைதான். நம் சுகம் இன்னொருவரின் உழைப்பில் நிற்கிறது என்பதையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும். ஞாயிறு லீவு, தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம் போனஸ், அவர் பெண்ணுக்குப் பரீட்சை என்றால் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்புவது. இதெல்லாம் சேர்த்தால் வெளியில் வாங்குவதைவிடக் கொஞ்சம் கூடத்தான் ஆகும். கொடுக்கலாம். மூன்றாவது கட்டத்தில் இதற்கு வீட்டுக்காரர் வயதே எழுதவில்லை, ஒரு கோடு மட்டும் போட்டார். வயது ஏற ஏற இது கூடுதலாகத்தான் தேவைப்படும்.

பாத்திரம் கழுவும் மெஷினும் பட்டியலில் இருந்தது. எங்கள் இரும்புத் தோசைக்கல்லையும் அடி பிடித்த பால் பாத்திரத்தையும் நினைத்து அடித்துவிட்டேன்.

இலவம்பஞ்சா, தேங்காய் நாரா?

இலவம்பஞ்சு மெத்தை மேல் எனக்கு ஒரு பாசம். போடி, தேனிப் பக்கத்துப் பஞ்சு, வெயில் காலத்தில் உடம்பு சுடாது. மொட்டை மாடியில் காய வைத்துத் தட்டினால் பூரி மாதிரி உப்பும். ஆனால் மாடிக்கு யார் தூக்குவது? நாலு மாதத்தில் நடுவில் பள்ளம் விழுந்து, புரண்டு படுக்கவே ஒரு முயற்சி வேண்டியிருந்தது. ரப்பர் சேர்த்த தேங்காய் நார் மெத்தை கெட்டியாக இருக்கும், பள்ளம் விழ நாளாகும், விலை மூன்று மடங்கு.

கடைக்குப் போனால் எல்லோரும் நடுவில் படுத்துப் பார்க்கச் சொல்வார்கள். நான் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ராத்திரி இரண்டு மணிக்குப் பாத்ரூம் போக எழும்போது, கையை ஊன்றுகிற இடம் அமுங்கினால் ஆளே சரிந்துவிடும். உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பதிய வேண்டும். இந்த இரண்டும் சரியாக இருந்த மெத்தை விலையில் கொஞ்சம் அதிகம். பேரம் பேசாமல் வாங்கினேன். தலையணை மட்டும் இலவம்பஞ்சுதான்.

காசிக்கு ரயிலா, விமானமா?

இதற்கு முன்னால் ஒரு முறை கூட்டத்தோடு சுற்றுலா பஸ்ஸில் போய்ப் பட்டுவிட்டோம். நான்கு நாளில் பதினொரு கோயில். எந்தக் கோயிலில் எந்த அம்மன் என்பதே இப்போது குழம்புகிறது. அதனால் காசிக்கு நாங்களே ஏற்பாடு செய்தோம். போகும்போது ரயில், வரும்போது விமானம்.

சென்னையிலிருந்து காசி ரயிலில் 2,000 கிலோமீட்டருக்கு மேல், ஏறக்குறைய ஒன்றரை நாள். 2020 மார்ச்சுக்கு முன்னால் பெண்களுக்கு 50 சதவீதம், ஆண்களுக்கு 40 சதவீதம் மூத்த குடிமக்கள் சலுகை இருந்தது. அப்போது நிறுத்தியதுதான். அந்தச் சலுகை இருந்த காலத்தில் போயிருக்கலாமே என்று அவருக்கு இன்னும் வருத்தம். லோயர் பெர்த் கோட்டா மட்டும் இருக்கிறது, அறுபது தாண்டிய ஆண்களும் நாற்பத்தைந்து தாண்டிய பெண்களும் கேட்கலாம். இரண்டடுக்கு ஏசியில் எதிரெதிரே இரண்டு லோயர் பெர்த் கிடைத்தது. வீட்டிலிருந்து கொண்டுபோன புளியோதரை, கையில் ஒரு புத்தகம், ஜன்னலில் கிருஷ்ணா, கோதாவரி. எனக்கு அது பயணத்தின் பாதி. அவருக்கு இரண்டாவது இரவில் கால் வீங்கிவிட்டது.

விமானத்தில் டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலி கேட்டுவைத்தால் வாசலிலிருந்து உள்ளே வரை கொண்டுவிடுகிறார்கள். முதலில் அவர் கூச்சப்பட்டார். ஏறி உட்கார்ந்ததும் கூச்சம் போய்விட்டது. முன்கூட்டியே எடுத்தால் இரண்டடுக்கு ஏசியைவிட விலை ரொம்பக் கூட இல்லை. கங்கைப் படித்துறையில் ஏறி இறங்கவும், அனுமான் கட்டத்தில் பாரதி இருந்த வீட்டைத் தேடிச் சந்துக்குள் நடக்கவும் காலில் தெம்பு மிச்சம் வேண்டும். கால் வலி இல்லாத ஜோடிக்கு ரயில். மற்றவர்கள் யோசிக்கவே வேண்டாம், போகும்போது விமானம், வரும்போது ரயில். நாங்கள் தலைகீழாகச் செய்துவிட்டோம்.

சட்டென்று முடிந்தவை

சொந்தக் காரா, ஆட்டோவா? எங்களுக்கு வாரம் மூன்று தடவைதான் வெளி வேலை. கார் வாங்கினால் இன்ஷூரன்ஸ், சர்வீஸ், ஓட்ட ஆள். தெரிந்த ஆட்டோக்காரத் தம்பி ஒருவரைப் பிடித்து, பேரம் பேசாமல் கேட்டதைக் கொடுத்துவிடுகிறோம். பஸ்ஸுக்கு நிற்காமல் இருப்பதே போதும்.

பட்டா, பருத்தியா? பீரோவில் இருக்கும் காஞ்சிபுரம் புடவைகளைக் கட்டினால் தோள் வலிக்கிறது. மருமகளுக்கும் பெண்ணுக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டு மதுரைச் சுங்குடியும் காரைக்குடிக் கண்டாங்கியும் வாங்கினேன். பட்டு விலையில் நாலைந்து வந்தன.

காபிக்குப் போட்டியே வைக்கவில்லை. சிக்கரி இல்லாத பீபெர்ரி, வாரத்துக்கு நூறு கிராம்தான் அரைத்து வாங்குவது. காலையில் முதல் டிகாஷன் அவருக்கும் எனக்கும் மட்டும். விருந்தாளி வந்தாலும் இரண்டாவதுதான்.

இப்போது நோட்டில் பாக்கி இருப்பது யாழ்ப்பாணம். நல்லூர்க் கோயிலைப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. சென்னையிலிருந்து விமானம் இருக்கிறது, ஆனால் எங்களுக்குச் சென்னை போவதே ஒரு பயணம். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் என்றால் வீட்டிலிருந்து ஆட்டோ, பஸ், துறைமுகம், அவ்வளவுதான். சுமார் நான்கு மணி நேரம். மழைக் காலத்தில் நிறுத்திவிடுவார்கள், கடல் கலங்கினால் வாந்தி வரும் என்று பையன் பயமுறுத்துகிறான். விமானம் பத்திரம், கப்பலில் கரை மறைவதும் மறுகரை தெரிவதும் இருக்கும். எனக்குக் கப்பல்தான் வேண்டும்.

பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டாயிற்று. அவருக்கு எழுபது முடிந்துவிட்டது. கப்பலுக்கு எதிரே மூன்றாவது கட்டத்தில் 73 என்று எழுதி, அதன் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறார்.