ஹால்ஸ்டாட்: 'போட்டோ ஸ்டொப்'புக்குக் காசு கட்ட முன்

வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் விற்கப்படும் ஐரோப்பியச் சுற்றுலாக்களின் பயண நிரலில், வியன்னாவுக்கும் சால்ஸ்பர்க்குக்கும் நடுவே "ஹால்ஸ்டாட் – போட்டோ ஸ்டொப்" என்று ஒரு வரி அடிக்கடி தலைகாட்டும். ஹால்ஸ்டாட் ஆஸ்திரியாவின் ஏரிக்கரைச் சிற்றூர்; போட்டோ ஸ்டொப் என்றால் பஸ்ஸைக் கொஞ்ச நேரம் நிறுத்திப் படம் எடுக்கவிடுவது. ஊருக்கு ஐந்தில் நாலரை கொடுக்கலாம். அந்த ஒரு வரிக்கு ஐந்தில் இரண்டு, அதுவும் ஏரி அழகாக இருப்பதால்.

ஏரியும், கரையோடு ஒட்டிய வீடுகளும், கூர்க் கோபுரமும், முதுகுக்குப் பின்னால் செங்குத்து மலையும் படத்தில் பார்த்தபடியே நேரிலும் இருக்கின்றன. சனத்தொகை ஆயிரத்துக்கும் குறைவு. 1890 வரை ஊருக்குத் தெருவே கிடையாது. படகில் வரவேண்டும், இல்லையென்றால் ஒற்றையடிப் பாதை. 1997இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. 2012இல் சீனாவின் குவாங்டொங் மாகாணத்தில் இதே ஊரை அப்படியே பிரதி எடுத்துக் கட்டிவிட்டார்கள். வெறும் முகப்பைத்தான் பார்க்கவேண்டுமென்றால் அதுவே போதும். பிரதி எடுக்க முடியாதது மலைக்குள் இருக்கிறது: உப்புச் சுரங்கம்.

எங்களுக்கு உப்பு என்றால் ஆனையிறவு, புத்தளம், அம்பாந்தோட்டை. கடல்நீரைப் பாத்தியில் விட்டு வெயிலில் காயவைப்பது. மழை கூடினால் விளைச்சல் போச்சு. 2025இல் இறக்குமதி உப்புக்குக் காத்துக்கிடந்தது மறந்திருக்காது. ஹால்ஸ்டாட் உப்புக்கு வெயில் தேவையில்லை. அது களிமண்ணோடு கலந்து பாறையாக மலைக்குள் கிடக்கிறது. ஆதியில் வெண்கலக் கொத்தியால் கொத்தி, தோல் கூடைகளில் முதுகில் சுமந்தார்கள். பிறகு வழி மாறியது: மலைக்குள் நன்னீரை விட்டு, உப்பு கரைந்ததும் அந்த நீரை வெளியே எடுத்துக் காய்ச்சினார்கள். காய்ச்ச விறகு வேண்டும், சுற்றியுள்ள காடு கட்டுப்படியாகவில்லை. ஆகவே உப்புநீரை விறகு இருக்கும் இடத்துக்கு அனுப்பினார்கள். 1595 முதல் 1607 வரை, நடுவே துளைத்த ஏறத்தாழ 13,000 மரங்களை ஒன்றோடொன்று பொருத்தி, 40 கிலோமீற்றர் தள்ளியிருக்கும் எபன்ஸேக்குக் குழாய்வழி போட்டார்கள்.

சுரங்கத்துக்குள் உப்பு எதையும் அழுக விடாது. 1734இல் உப்புக்குள் நசுங்கிய நிலையில் ஒரு பழங்காலத் தொழிலாளியின் உடல் அகப்பட்டது. கி.மு. 1344ஆம் ஆண்டளவில் வெட்டிய மரத்தில் செய்த படிக்கட்டு ஒன்று உள்ளே காட்சிக்கு இருக்கிறது; படிகள் இன்னும் படிகளாகவே இருக்கின்றன. அங்கே எடுத்த 2,700 ஆண்டுப் பழைய மலத்தை ஆராய்ந்து, அந்தச் சுரங்கக்காரர் பியரும் நீலப் பாலாடைக்கட்டியும் சாப்பிட்டதை 2021இல் கண்டுபிடித்தார்கள். மேலே பள்ளத்தாக்கில் 1846 முதல் 1863 வரை சுரங்க அதிகாரி யொகான் கியோர்க் ராம்சவர் 980 புதைகுழிகளைத் தோண்டி, ஒவ்வொன்றையும் பதிவு செய்துவைத்தார். ஐரோப்பாவின் ஒரு காலகட்டத்துக்கே, கி.மு. 800 முதல் 450 வரை, இந்த ஊரின் பெயர் வந்தது அதனால்தான். அந்தப் பொருட்களில் முக்கியமானவை வியன்னாவின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. வியன்னாவில் ஒரு பின்னேரம் ஓய்வாகக் கிடைத்தால் கடை ஏறி இறங்குவதைவிட அங்கே போகலாம்.

இனி நேரக் கணக்கு. சந்தைச் சதுக்கத்திலிருந்து லான் பகுதிக்கு 15 நிமிட நடை. அங்கே வரிசையில் நின்று மலை ரயிலில் மேலே. ஏரியிலிருந்து 350 மீற்றர் உயரத்தில் காட்சிமேடை. அதிலிருந்து சுரங்க வாயிலுக்கு இன்னுமொரு கால் மணி நேரம் ஏற்றத்தில் நடை. உடை மாற்றி உள்ளே சுற்றிவர ஒன்றரை மணித்தியாலம். எல்லாம் கூட்டினால் மூன்று மணித்தியாலத்துக்குக் குறையாது. ஊரில் இரண்டு மணி நேரமே நிற்கும் போட்டோ ஸ்டொப் பஸ்காரருக்கு இது சரிவராது என்பதற்கு வேறு கணக்குப் போடவேண்டியதில்லை. மலை ரயில் வேலைகளுக்காக மூடப்படும் காலங்களும் உண்டு. உங்கள் திகதியில் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுப் பதிவு செய்யுங்கள்.

சுரங்கத்துக்குள் கோடையிலும் 8 பாகை செல்சியஸ். போட்ட உடுப்புக்கு மேல் அவர்கள் தரும் காற்சட்டையையும் மேலங்கியையும் மாட்டவேண்டும், அதனால் சேலையும் நீளப் பாவாடையும் தொல்லை. உள்ளே மரச் சறுக்குப் பாதைகள் இருக்கின்றன, நீளமானது 64 மீற்றர். முழங்கால் நோ உள்ளவர்களுக்குப் பக்கத்தில் படி இருக்கிறது. 4 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை உள்ளே விடமாட்டார்கள்; கைக்குழந்தையோடு போகும் குடும்பத்தில் ஒருவர் வெளியே நிற்கவேண்டிவரும். இதை முன்கூட்டிச் சொல்லும் ஏஜென்சி அபூர்வம்.

கத்தோலிக்கத் தேவாலயத்துக்குப் பின்னால் எலும்பு மண்டபம். பாறைக்கும் ஏரிக்கும் நடுவே மயானத்துக்கு இடம் போதாததால், பத்துப் பதினைந்து வருடத்தில் குழியைத் திறந்து, மண்டையோட்டை வெயிலில் வெளுக்கவைத்து, பெயர் எழுதிப் பூவும் இலையும் தீட்டி அடுக்கினார்கள். 1,200க்கும் மேல் இருக்கின்றன, அதில் 610 வண்ணம் தீட்டியவை. கடைசி ஓடு 1995இல் வந்தது. சின்ன அறை, கால் மணி நேரம் போதும்.

சாப்பாட்டில் சைவக்காரர் கவனிக்கவேண்டியது சூப். ஃபிரிட்டாட்டன்சுப்பே என்பது தெளிந்த சூப்பில் தோசைத் துண்டுபோல மெல்லிய அப்பத்தை நறுக்கிப் போட்டது. பார்க்கச் சைவம்தான், ஆனால் வழக்கமாக மாட்டெலும்பு வேகவைத்த நீரில்தான் செய்வார்கள். க்நோடல் உருண்டைக்குள் பன்றி இறைச்சித் துண்டு இருக்கலாம். கேஸ்ஷ்பெட்ஸ்லே (பாலாடைக்கட்டியும் பொரித்த வெங்காயமும் சேர்ந்த முட்டை மா நூடில்ஸ்) ஓரளவு பாதுகாப்பு, முட்டை சாப்பிடுகிறவர்களுக்கு. மீன் சாப்பிடுகிறவர்களுக்கு ஏரியின் ரைனாங்கே மீன் நல்ல தெரிவு. முள் குறைவு, வாடை இல்லை, ஆனால் எங்கள் நாக்குக்கு உறைப்பு போதாது. ஒரு சின்னப் போத்தல் மிளகாய்த்தூள் கையில் இருக்கட்டும்.

தனியாகப் போகிறவர்களுக்கு: ரயில் நிலையம் ஏரியின் எதிர்க்கரையில். ரயில் நேரத்துக்கு ஏற்றபடி படகு வரும், பத்து நிமிடப் பயணம். படகுக்கு வேறாகக் காசு, தாளும் சில்லறையும் வைத்திருங்கள். இரவுப் படகு இல்லை. பிந்திய ரயிலில் இறங்கினால் எதிரே ஊர் மின்னிக்கொண்டிருக்கும், நீங்கள் இக்கரையில் பெட்டியோடு நிற்பீர்கள். அப்படிப் பிந்திவிட்டால் ஹால்ஸ்டாட்டில் இறங்காமல், அடுத்த நிலையமான ஓபர்ட்ரவ்னில் இறங்கி டாக்சி பிடிப்பதே வழி.

பகல் 10 மணிக்கும் 4 மணிக்கும் இடையில் ஒரே ஒரு ஒடுங்கிய தெருவில் திருவிழாக் கூட்டம். பஸ்களுக்கு முன்பதிவு நேரம் 2020 முதல் கட்டாயம். 2023இல் குடியிருப்பவர்கள் தெருவுக்கு இறங்கி எதிர்ப்புக் காட்டினார்கள், செல்பி எடுக்கும் இடத்தில் மரவேலிகூடப் போட்டுப் பிறகு எடுத்தார்கள். ஓரிரவு தங்கினால் காலை 7 மணிக்கு அதே இடம் காலியாகக் கிடைக்கும். குளிர்காலத்தில் மலை நிழல் ஊரில் நெடுநேரம் விழுந்திருக்கும், படத்துக்கு வெளிச்சம் கஷ்டம்.

ஏஜென்சியிடம் கேட்கவேண்டியது மூன்று: பஸ்ஸுக்கு முன்பதிவு நேரம் எடுத்தாயிற்றா, சுரங்க நுழைவுச்சீட்டு கட்டணத்துக்குள் அடங்குமா, ஊரில் நிற்கும் நேரம் எத்தனை மணித்தியாலம். மூன்றாவது விடை நாலுக்குக் கீழே என்றால், சுரங்கத்தைக் கழித்துவிட்டு விலை பேசுங்கள்.