இரவுப் பணிக்கு ஒரு கல்லீரல் கணக்குச் செயலி: 5க்கு மூன்றரை

குடல், கல்லீரல் பிரிவில் இரவுப் பணி பார்க்கும் மருத்துவர்கள் பலரின் போனில் இருக்கும் கணக்குச் செயலிகளில் ஒன்று இது. இலவசம். இணையம் இல்லாமலும் ஓடும். சிக்னல் எட்டாத எங்கள் வார்டில் அதுவே பெரிய புண்ணியம்.

கல்லீரல் சுருக்க நோயாளி ரத்த வாந்தியோடு வருகிறார். 12 மணி நேரத்துக்குள் எண்டோஸ்கோபி செய்து, உணவுக்குழாயில் புடைத்திருந்த நாளங்களுக்கு ரப்பர் வளையம் போட்டாயிற்று. ரத்தக்கசிவை அடக்கும் டெர்லிப்ரெசின், நோய்த்தொற்றைத் தடுக்கும் செஃப்ட்ரியாக்சோன் இரண்டும் ஏறுகின்றன. அடுத்த 5 நாட்களில் மறுபடியும் ரத்தம் கொட்டுமா என்பதுதான் இனிக் கவலை. கல்லீரல் நாள அழுத்த வேறுபாடு 20 மி.மீ. பாதரசத்தைத் தொட்டிருந்தால் ஆபத்து அதிகம். நள்ளிரவில் அதை அளக்க யாரிடம் வசதி இருக்கிறது? ஆகவே புள்ளிக் கணக்குதான் கதி.

கல்லீரல் நோயின் தீவிரத்தை ஒரே எண்ணாகச் சொல்லும் மேல்ட் கணக்கில் குறை சொல்ல ஒன்றுமில்லை; எண் ஏற ஏற உயிராபத்தும் ஏறும். பிலிருபின், கிரியாட்டினின், ரத்தம் உறைவதை அளக்கும் ஐ.என்.ஆர். என மூன்று ரத்தப் பரிசோதனை எண்களையும் தட்டினால் எண் வந்துவிடுகிறது. கிரியாட்டினின் 0.7 என்று போட்டாலும் முறைப்படி 1 என்றே எடுத்துக்கொள்கிறது. விடை 19ஐத் தொட்டால் நான் குடும்பத்தாரைக் கூப்பிட்டுப் பேசிவிடுவேன்.

எரிச்சல், கல்லீரல் பாதிப்புக்குப் புள்ளி கூட்டி ஏ, பி, சி என்று வகுக்கும் சைல்டு-பியூ கணக்கில்தான். வயிற்று நீருக்கு ‘இல்லை, லேசாக, மிதமாக’ என மூன்று பொத்தான்கள். லேசு எங்கே முடிகிறது என்று ஒரு வரிகூட இல்லை. அடுத்து மனக்குழப்பம். எண்டோஸ்கோபிக்குக் கொடுத்த மிடசோலத்தின் மயக்கம் தெளியாமல் நோயாளி உளறுவதைக் கல்லீரல் கோளாறு என்று குறித்துவிட்டால் ஒரு புள்ளி ஏறும். 9 என்பது 10 ஆகும், பி வகுப்பு சி ஆகும். சும்மா ஒரு புள்ளி இல்லை அது. கல்லீரலுக்குள் ஸ்டென்ட் வைத்து அழுத்தத்தைக் குறைக்கும் டிப்ஸ் சிகிச்சைக்கு 72 மணி நேரத்துக்குள் அனுப்புவதா என்பது அதில்தான் தொங்குகிறது. சி வகுப்பில் 10 முதல் 13 வரை என்றால் அனுப்பலாம். பி வகுப்பில் 7க்கு மேல் இருந்தால் போதாது, எண்டோஸ்கோபியின்போது ரத்தம் பாய்ந்துகொண்டிருந்ததைக் கண்ணால் பார்த்திருக்கவும் வேண்டும்.

அதைச் செயலி கேட்பதே இல்லை! பதிலுக்கு ஓராண்டு உயிர்வாழும் சதவீதத்தைப் பச்சை எழுத்தில் காட்டுகிறது. அதிகாலை 3 மணிக்கு அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

மேல்டுக்காகப் பயிற்சி மருத்துவர்கள் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். சைல்டு-பியூவை நான் கேஸ் ஷீட்டின் ஓரத்தில் கையாலேயே கூட்டிக்கொள்கிறேன், மயக்கம் தெளிந்த பிறகு.