ஜிஆர்எஃப்பி விண்ணப்பத்துக்குக் காசு கொடுத்து எடிட்டிங்: 5-க்கு 2

அமெரிக்காவில் பிஎச்டி பக்கம் போகிறவர்களுக்கு நேஷனல் சயின்ஸ் ஃபவுண்டேஷன் என்ற அரசு அமைப்பு தரும் கிராஜுவேட் ரிசர்ச் ஃபெல்லோஷிப் (ஜிஆர்எஃப்பி என்கிற ஆராய்ச்சி உதவித்தொகை) தெரிந்திருக்கும். 1952-லிருந்து கொடுக்கிறார்கள். மூன்று வருடத்துக்கு, வருடா வருடம் 37,000 டாலர் நம் கைக்கு, 16,000 பல்கலைக்கழகத்துக்கு. பணம் ஒருபக்கம் இருக்கட்டும், சம்பளத்தோடு வருகிற மாணவரை எந்த லேபும் வேண்டாம் என்று சொல்லாது. அதனால்தான் இந்த விண்ணப்பத்தைச் சுற்றி ஒரு தனி வியாபாரமே நடக்கிறது, நானும் அதில் ஒன்றை வாங்கினேன்.

கம்பெனியின் பெயர் வேண்டாம், இதே பாக்கேஜை வேறு வேறு பெயரில் விற்கிறவர்கள் நிறைய. சுமார் 400 டாலர். ஒரு ஜூம் கால், விண்ணப்பத்தோடு வைக்கிற இரண்டு கட்டுரைக்கும் (பெர்சனல் ஸ்டேட்மென்ட், ரிசர்ச் பிளான்) இரண்டு சுற்று எடிட்டிங், பரிந்துரைக் கடிதம் கேட்க ஒரு ஈமெயில் மாதிரி.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். சொன்ன நேரத்துக்குத் திருப்பித் தந்தார்கள், இங்கிலீஷ் சுத்தமாக இருந்தது. என் வாக்கியங்கள் நாலு வரிக்கு இழுக்கும், அதையெல்லாம் வெட்டி பெர்சனல் ஸ்டேட்மென்ட்டை மூன்று பக்கத்துக்குள்ளும் ரிசர்ச் பிளானை இரண்டு பக்கத்துக்குள்ளும் அடக்கிவிட்டார்கள். பக்கம் மீறினால் விண்ணப்பத்தைப் படிக்காமலே திருப்பிவிடுவார்கள் என்பதால் இது சின்ன உதவி இல்லை.

ஆனால் எனக்கு வந்த எடிட்டருக்குத் தெரிந்ததெல்லாம் அட்மிஷனுக்கு எழுதுகிற எஸ்ஓபி, அதாவது இங்கே ஏன் சேர விரும்புகிறேன் என்று சொல்லும் கட்டுரை. இன்ன பல்கலைக்கழகம் ஏன் பிடிக்கும், இன்ன பேராசிரியரிடம் சேர ஏன் ஆசை, இதைச் சேர்க்கச் சொல்லியே பாதி ஜூம் போனது. ஃபெல்லோஷிப் விண்ணப்பத்தைப் படிக்கிறவர்கள் வேறு வேறு ஊர்களில் இருக்கும் ஆராய்ச்சியாளர்கள், எங்கள் டிபார்ட்மென்ட்டின் பெருமை அவர்களுக்கு எதற்கு? அவர்கள் பார்ப்பது இரண்டு விஷயம்: இன்டெலக்சுவல் மெரிட், பிராடர் இம்பாக்ட்ஸ். அதாவது இந்த வேலையால் அறிவியலுக்குப் புதிதாக என்ன கிடைக்கும், வெளியில் இருக்கிற மக்களுக்கு என்ன பலன். இந்த இரண்டையும் இரண்டு கட்டுரையிலும் தனித் தலைப்பாகப் போட்டே ஆக வேண்டும் என்று விதி. எடிட்டர் என்ன செய்தார் தெரியுமா, மார்ஜினில் "ஓட்டம் தடைபடுகிறது" என்று எழுதிவிட்டு நாலு தலைப்பையும் தூக்கிவிட்டார். அப்படியே ஏற்றியிருந்தால் விண்ணப்பம் மதிப்பீட்டுக்கே போயிருக்காது.

ரிசர்ச் பிளானில் நடந்தது இதைவிட மோசம். நான் இருப்பது அயோவாவில். இங்கே சோள வயல்களுக்கு அடியில் வடிகால் குழாய் பதித்திருப்பார்கள், உரத்திலிருந்து வரும் நைட்ரேட் அது வழியாக ஓடைக்கும் ஆற்றுக்கும் போய்ச் சேரும். வயல் ஓரத்தில் பள்ளம் வெட்டி மரச்சில்லு நிரப்பி, குழாய்த் தண்ணீரை அதற்குள் விட்டால், அங்கே வளரும் பாக்டீரியா நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக மாற்றிவிடும். மலிவான வழி. ஆனால் வசந்தகாலத் தொடக்கத்தில் தண்ணீர் அதிகமாக ஓடும், அதே நேரத்தில் சில்லென்றும் இருக்கும்; பாக்டீரியா மந்தமாகிவிடும், தண்ணீர் உள்ளே நிற்கும் நேரமும் குறைந்துவிடும். 5 டிகிரியில் எவ்வளவு நேரம் நிறுத்தினால் எவ்வளவு நைட்ரேட் குறையும், எதிர்பார்த்தபடி நடக்காவிட்டால் அடுத்து என்ன செய்வேன் என்றுதான் அந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். திரும்பி வந்த பிரதி "பருவநிலை மாற்றம் மனித குலத்தின் முன் நிற்கும் மாபெரும் சவால்" என்று ஆரம்பித்தது. 5 டிகிரியைக் காணோம். மாற்றுத் திட்டத்தையும் காணோம். படிக்க அழகாக இருந்தது, யார் பெயரை வேண்டுமானாலும் மேலே போட்டுக்கொள்ளலாம்.

பழைய பத்தியையே திரும்ப ஒட்டினேன். அப்புறம் பல்கலைக்கழக ரைட்டிங் சென்டரில் நேரம் வாங்கிப் போனேன், காசு கிடையாது. அங்கே உட்கார்ந்திருந்தவர் வரலாறு படிக்கிற மாணவர், மரச்சில்லைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது, "இதனால் விவசாயிக்கு என்ன கிடைக்கும்?" என்று ஒரே கேள்வி கேட்டார், என் பிராடர் இம்பாக்ட்ஸ் அதற்கப்புறம்தான் உருப்பட்டது. அதுவரை பள்ளிப் பிள்ளைகளுக்கு வகுப்பெடுப்பேன் என்று எல்லோரும் எழுதுவதையே எழுதியிருந்தேன், அதை மாற்றி வயல்காரர்களோடு சேர்ந்து அளவெடுக்கிற திட்டம் வைத்தேன். லேபில் இந்த ஃபெல்லோஷிப் வாங்கிய சீனியர் ஒருவர் தன் பழைய கட்டுரைகளையும், மதிப்பிட்டவர்கள் எழுதிய கருத்துத் தாளையும் காட்டினார். 400 டாலர் பாக்கேஜ் முழுவதையும்விட அந்த ஒரு தாள் உபயோகமாக இருந்தது.

கடிதம் கேட்கும் ஈமெயில் மாதிரியைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை, யாரிடமும் கேட்கிற மாதிரி பொதுவாக இருந்தது. கடிதம் தருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கக் குறிப்பு தனித்தனியாக எழுதிக் கொடுங்கள், ஒருவர் லேப் வேலையைப் பற்றி, இன்னொருவர் நீங்கள் பாடம் நடத்தியதைப் பற்றி என்று. இல்லாவிட்டால் எல்லாக் கடிதமும் "கடின உழைப்பாளி" என்றே வரும்.

இன்னொரு விஷயம், நம் ஆட்கள் கவனியுங்கள். இந்த ஃபெல்லோஷிப் சிட்டிசன்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் மட்டும்தான். எஃப்-1 மாணவர் விசாவில் இருக்கும் என் ரூம்மேட்டுக்கும் இதே கம்பெனி விசா பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் இதே பாக்கேஜை விற்கப் பார்த்தது. 2025 அறிவிப்பில் பிஎச்டி இரண்டாம் வருடத்தில் இருப்பவர்களுக்கும் கதவைச் சாத்திவிட்டார்கள், அதனால் காசு கட்டுவதற்கு முன்னால் அறிவிப்பை நீங்களே ஒரு முறை முழுதாகப் படித்துவிடுங்கள்.

எனக்குக் கிடைத்தது ஹானரபிள் மென்ஷன், பணம் கிடையாது. ரிசல்ட் வந்த வாரமே கம்பெனியிலிருந்து "அடுத்த முறை நிச்சயம்" என்று தள்ளுபடிக் கூப்பன் வந்தது. பட்டமேற்படிப்பில் சேர்ந்தபின் இதற்கு ஒரே ஒரு முறைதான் விண்ணப்பிக்க முடியும் என்று பதில் போட்டேன். இன்னொரு கூப்பன் அனுப்பியிருக்கிறார்கள்.