பெருநகரின் எல்லையை எங்கே வரைவது? வீட்டுச் செலவை அளக்க மூன்று வழிகள்

ஒரு பெருநகரில் குடியிருக்க எவ்வளவு செலவாகும் என்று கணக்கிடுவதற்கு முன்பே, அந்த நகரம் எங்கே முடிகிறது என்பதை யாராவது முடிவு செய்தாக வேண்டும். பாரிஸ் என்றால் சுமார் 105 சதுர கிலோமீட்டருக்குள் வாழும் 20 லட்சத்துச் சொச்சம் பேரா, அந்நகரை நம்பிப் பிழைக்கும் ஏறத்தாழ 1.3 கோடிப் பேரின் வட்டாரமா என்பதைப் பொறுத்து வாடகை, வருமானம், வீட்டு விலை மூன்றுமே மாறிவிடும். எல்லை வகுக்க நிர்வாக எல்லை, கட்டடங்களின் தொடர்ச்சி, வேலைக்குப் போய்வரும் வட்டாரம் என மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன. வீட்டுச் செலவை அளப்பதற்கு இவற்றுள் எது தகும் என்பதைப் பார்ப்போம்.

நிர்வாக எல்லையின் பலம் அதன் தெளிவு. வரியும் கட்டட அனுமதியும் அந்தக் கோட்டுக்குள்ளேயே நடப்பதால் புள்ளிவிவரம் கைவசம் இருக்கும். எல்லையும் அடிக்கடி மாறாது. பாரிஸ் மாநகரம் 1860-இல் சுற்றியிருந்த ஊர்களைச் சேர்த்துக்கொண்ட பிறகு அதன் எல்லை பெரிதாக நகரவில்லை, குடியிருப்புகள் மட்டும் அதைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டன. ஆனால் என்னை அதிகம் உறுத்தும் குறை வேறு. வாடகை கட்டுப்படியாகாமல் குறைந்த வருமானக் குடும்பங்கள் கோட்டைத் தாண்டி வெளியேறும்போது, உள்ளே எஞ்சியிருப்பவர்களின் இடைநிலை வருமானம், அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பவரின் வருமானம், தானாகவே உயர்கிறது. வருமானத்தில் வாடகைக்குப் போகும் பங்கு இறங்குகிறது. புதிதாக ஒரு வீடுகூடக் கட்டப்படாமல், எந்த வீட்டின் வாடகையும் குறையாமல், நகரவாசிகளின் சுமை ஏட்டில் குறைந்துவிடுகிறது. வெளியேறியவர்கள் அண்டை ஊரின் கணக்கில் சேர்ந்துவிடுவதால் அவர்களுடைய அவதிக்கு மாநகரம் பதில் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுச் செலவைப் பொறுத்தவரை இதைப் பொறுத்துக்கொள்ளக்கூடிய குறையாக நான் கருதவில்லை.

கட்டடத் தொடர்ச்சியைக் கொண்டு வரையும் முறை நாடுகளை ஒப்பிட உதவும். ஒரு சதுர கிலோமீட்டர் கட்டங்களாக நிலத்தைப் பிரித்து, கட்டத்துக்குக் குறைந்தது 1,500 பேர் வாழும் அடுத்தடுத்த கட்டங்களில் மொத்தம் 50,000 பேராவது இருந்தால் அதை நகரம் எனக் கொள்ளும் அளவுகோலை 2020-இல் ஐக்கிய நாடுகளின் புள்ளியியல் ஆணையம் ஏற்றது. ஆனால் வீட்டுச் சந்தை கட்டடங்களை மட்டும் பின்பற்றிச் செல்வதில்லை. லண்டனைச் சுற்றிக் கட்டடம் எழுப்பக் கட்டுப்பாடுள்ள பசுமை வளையம் இருப்பதால், அதற்கு அப்பாலுள்ள ரெடிங், லூட்டன் போன்ற ஊர்கள் தொடர்ச்சியற்றவையாகி விடுபட்டுப்போகும். அங்கிருந்து லண்டனுக்கு அன்றாடம் ரயிலேறுபவர்களும் சேர்ந்தே விடுபடுவார்கள். ஹாங்காங்கும் ஷென்சென்னும் ஓர் ஆற்றின் இரு கரைகளில் இருந்தும், நடுவே எல்லைச் சோதனை இருப்பதால் அவை இரண்டு தனித்தனி வீட்டுச் சந்தைகள்.

மூன்றாவது முறை மனிதர்களின் அன்றாடப் பயணத்தைப் பின்தொடர்கிறது. அமெரிக்காவில், ஒரு கவுண்டியிலிருந்து (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) வேலைக்குப் போவோரில் 25 சதவீதமாவது மைய கவுண்டிகளில் பணிபுரிந்தால் அது பெருநகரப் பகுதியில் சேரும். பிரான்ஸ் முன்பு வைத்திருந்த 40 சதவீத வரம்பை 2020-இல் 15 ஆக இறக்கியது. இந்த எண்கள் இயற்கையாக அமைந்தவை அல்ல, அலுவலகத்தில் உட்கார்ந்து எடுத்த முடிவுகள். அப்படியிருந்தும் வீட்டுச் செலவுக்கு இந்த முறையே பொருத்தமானது என்பது என் கணிப்பு, ஏனெனில் வாடகை தாங்காமல் இடம் மாறியவர் பெரும்பாலும் வேலையை மாற்றியிருக்க மாட்டார்.

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவிலுள்ள சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியைக் கவனியுங்கள். அங்கே வீட்டு விலை ஏற ஏற, மலைத்தொடருக்கு அப்பாலுள்ள ஸ்டாக்டனில் குடியேறுவோர் பெருகினர். 1998-இல் ஸ்டாக்டனுக்கும் வளைகுடாவின் தென்பகுதி நகரான சான் ஹோசேவுக்கும் இடையே தொடங்கிய ரயிலில் ஒரு வழிப் பயணமே இரண்டு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கிறது. 2013-இல் வெளியான எல்லைத் திருத்தத்தில் ஸ்டாக்டன் வளைகுடாவின் ஒருங்கிணைந்த புள்ளியியல் பகுதியில், அதாவது பயணத் தொடர்புள்ள அண்டைப் பெருநகரப் பகுதிகளை ஒன்றாகக் கொள்ளும் வட்டாரத்தில், சேர்க்கப்பட்டது. 2018-இல் அதற்கும் தெற்கேயுள்ள மொடெஸ்டோவும் வந்து சேர்ந்தது.

இந்த முறையின் ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது. மையத்தில் விலை ஏறினால் வட்டாரம் விரிகிறது. விரியும்போது மலிவான ஊர்கள் உள்ளே வருகின்றன. அதனால் ஒட்டுமொத்த இடைநிலை வாடகை மட்டுப்பட்டுத் தெரிகிறது. ஆகவே இரண்டு ஆண்டுகளை ஒப்பிடும்போது இரண்டுக்கும் ஒரே எல்லையைத்தான் பயன்படுத்த வேண்டும். பயணச் செலவையும் கூட்டியே ஆக வேண்டும். மாதம் 100 ரூபாய் ஈட்டும் குடும்பம் நகருக்குள் 40 ரூபாய் வாடகை தருகிறது என்று வைத்துக்கொள்வோம். வெளியே போனால் வாடகை 25, பயணம் 17, ஆக மொத்தம் 42. வாடகையை மட்டும் பார்ப்பவருக்கு அந்தக் குடும்பம் மிச்சம் பிடிப்பதாகத் தோன்றும். வாடகைக்கு 30 சதவீதம் என்ற வழக்கமான வரம்புக்குப் பதிலாக, வீடும் போக்குவரத்தும் சேர்ந்து 45 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்னும் அளவுகோல் அமெரிக்காவில் உண்டு. தொலைவான வட்டாரங்களுக்கு அதுவே நியாயமானது.

வட்டாரம் முழுமைக்கும் ஒரே எண்ணைச் சொல்லி நிறுத்துவதும் தீங்கு தரும். அமெரிக்க அரசு தன் வாடகை உதவித் தொகையைப் பெருநகரப் பகுதி முழுமைக்கும் பொதுவான ஒரு வாடகை அளவை வைத்துக் கணக்கிட்டபோது, அந்தத் தொகையில் நல்ல பள்ளிகள் உள்ள பகுதியில் வீடு எடுக்க முடியாமல் ஏழைக் குடும்பங்கள் மலிவான பேட்டைகளிலேயே குவிந்தன. அஞ்சல் குறியீட்டு வாரியாகத் தொகையைப் பிரித்துப் பார்க்கும் முறை டல்லாஸில் தொடங்கியது. 2016 விதிப்படி மேலும் பல பெருநகரங்களுக்கு அது கட்டாயமாக்கப்பட்டது. எல்லை பெரிதாக இருக்கட்டும், ஆனால் அதற்குள் மையம், நடு வளையம், வெளி வளையம் என்று எண்களைத் தனித்தனியே தர வேண்டும்.

நிர்வாக எல்லைக்கும் ஒரு வேலை மிச்சமிருக்கிறது: யார் கட்டட அனுமதி தருகிறார்கள், யார் மறுக்கிறார்கள் என்பதை அதை வைத்துத்தான் சொல்ல முடியும். வளைகுடாவின் ஒன்பது கவுண்டிகளில் 101 நகராட்சிகள் உள்ளன. எட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கலிஃபோர்னியா அரசு நிர்ணயிக்கும் வீட்டுத் தேவை இவற்றுக்கும் கவுண்டிகளுக்கும் பங்கிடப்படுகிறது. ஆனால் அந்தப் பங்கீடு ஒன்பது கவுண்டிகளோடு நின்றுவிடுகிறது. ஸ்டாக்டனுக்குக் குடிபெயர்ந்து இன்னும் சான் ஹோசேவில் வேலை பார்ப்பவருக்குத் தேவையான வீடு, ஸ்டாக்டன் அமைந்துள்ள சான் வாக்கீன் கவுண்டியின் தேவையாகவே எழுதப்படுகிறது.