குரோமின் 4 ஜிபி: அழிப்பதா, நிறுத்துவதா, மாறுவதா?

குரோம் உலாவி தானாக இறக்கி வைத்துக்கொள்ளும் ஜெமினி நானோ என்ற ஏஐ மொடல் கணினியில் ஏறக்குறைய 4 ஜிபி இடம் பிடிக்கும். யாழ்ப்பாணத்தில் இருந்து பார்த்தால் இடத்தைவிட டேட்டாதான் எனக்குப் பெரிய கவலை. மீட்டர்ட் இணைப்பு, அதாவது டேட்டா அளவோடு பாவிக்க வேண்டியது என்று கணினியில் குறித்த இணைப்பு என்றால் குரோம் அதை இறக்காது. ஆனால் போன் ஹொட்ஸ்பொட்டை விண்டோஸ் சாதாரண வைஃபை என்றே எடுத்துக்கொள்ளக்கூடும். அப்படியென்றால் மீட்டர்ட் என்று நாங்கள்தான் மாற்றிவிட வேண்டும். மாதப் பக்கேஜில் ஒன்லைன் வகுப்புப் பார்க்கிற ஏ.எல். பிள்ளைக்கு 4 ஜிபி என்பது எத்தனை பாடம்!

எல்லாக் கணினிக்கும் இது வராது. 22 ஜிபி காலி இடம் வேண்டும். அதோடு 16 ஜிபி ரம், அல்லது 4 ஜிபிக்கு மேல் நினைவகமுள்ள கிராபிக்ஸ் கார்ட் வேண்டும். 8 ஜிபி ரம்மோடு பாவித்த லப்டொப் வாங்கியவர்கள் அநேகமாகத் தப்பிவிடுவார்கள். கம்பஸ் படிப்புக்கென்று கொஞ்சம் நல்லதாக வாங்கியவர்கள்தான் கவனிக்க வேண்டும்.

பலரும் முதலில் செய்வது, குரோமின் கோப்புகள் இருக்கும் 'யூசர் டேட்டா'வுக்குள் போய் இந்த மொடலின் ஃபோல்டரை அழிப்பது. இதை நான் சொல்லவே மாட்டேன். இடம் கிடைக்கும், சரி. ஆனால் குரோம் அதைத் திரும்பவும் இறக்கலாம். அப்படி இறக்கினால் இடமும் மிச்சமில்லை, டேட்டாவும் இரட்டிப்பாகப் போகும்.

செட்டிங்ஸில் சிஸ்டம் பகுதியில் இருக்கும் ஒன்-டிவைஸ் ஏஐ சுவிட்சை நிறுத்துவதுதான் சரியான வழி. மொடலும் நீங்கும், மறுபடி இறங்கவும் மாட்டாது. பல கணினிகள் உள்ள பாடசாலை லாப், நெட் கபே என்றால் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருக்காமல், மொடலை இறக்காதே என்று சொல்லும் நிர்வாகப் பொலிசியைப் போட்டுவிடலாம்.

இழப்பும் உண்டு. குரோமின் கூடுதல் பாதுகாப்பு வசதியான 'என்ஹான்ஸ்ட்' பாதுகாப்பைப் போட்டிருப்பவர்களுக்கு, கணினி திருத்தித் தருவதாக ஏமாற்றும் போலி 'டெக் சப்போர்ட்' பக்கங்களை இனங்காண குரோம் 137ஆம் பதிப்பிலிருந்து இந்த மொடல்தான் உதவுகிறது. வீட்டில் அம்மா, அப்பா பாவிக்கிற கணினி என்றால், இடமும் இருந்தால், நான் கை வைக்க மாட்டேன். மற்றபடி தமிழுக்கென்று இதில் பெரிதாக எதுவும் இல்லை. 140ஆம் பதிப்பில் இணையத்தளங்கள் இந்த மொடலோடு பேசுவதற்குத் தந்த மொழிகள் ஆங்கிலம், ஸ்பானியம், ஜப்பானியம் மட்டுமே.

பயர்பொக்ஸ் உலாவிக்கு மாறலாமா? 2026 பெப்ரவரியில் வந்த 148ஆம் பதிப்பில் எல்லா ஏஐ வசதியையும் ஒரே இடத்தில் தடுக்கலாம். இந்த விஷயத்தில் குரோமைவிட அது ஒழுங்கு. ஆனால் 4 ஜிபிக்காக மட்டும் மாறத் தேவையில்லை, சுவிட்சே போதும்.

எட்ஜ் உலாவியின் கொபைலட், பிரேவ் உலாவியின் லியோ ஆகிய ஏஐ உதவியாளர்கள் இரண்டும் வேலை செய்வது பெரும்பாலும் எங்கள் கணினியில் அல்ல, நிறுவனத்தின் சேர்வரில். அவற்றை நிறுத்தினால் திரை கொஞ்சம் துப்பரவாகும், டிஸ்க்கில் இடம் கிடைக்காது.